முகப்பு சாய்கிறதா, வானம் வெளுக்கிறதா? பழைய வீட்டுப் படங்களைச் சீராக்கும் வழி

செட்டிநாட்டுப் பக்கம் போய் வந்தவர்கள் திருத்தித் தரச் சொல்லி அனுப்பும் படங்களில் திரும்பத் திரும்ப அதே பழுதுகள்தான் இருக்கின்றன. கானாடுகாத்தானில் எடுத்ததானாலும் சரி, தேவகோட்டையில் எடுத்ததானாலும் சரி, விலை உயர்ந்த கேமராவானாலும் கைபேசியானாலும் சரி, வீடு பின்னால் சாய்ந்திருக்கும், வானம் வெளுத்திருக்கும், வெள்ளைச் சுவர் பச்சையாக இருக்கும். எனவே உங்கள் படத்தில் தெரியும் பழுதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாத வழி முதலில் வரும், காசு கேட்கும் வழி கடைசியில் வரும்.

எந்தப் பழுதானாலும் முதலில் படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியைப் பார்த்துப் பழுதைத் தேட வேண்டாம். அதில் பாதிப் பழுது வாட்ஸ்அப் செய்தது.

## சுவர்கள் மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்கின்றன

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். முகப்பு உயரம், தெரு குறுகல், எதிர் வீட்டுத் திண்ணை முதுகில் இடிக்கிறது. கேமராவை அண்ணாந்து பிடித்தால்தான் மேலே இருக்கும் கஜலட்சுமி படத்துக்குள் வருவாள். அண்ணாந்து பிடித்ததும் சுவர் சாய்ந்துவிடும்.

முதலில் ஒரு சோதனை: சுவர் உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா? நூறு ஆண்டு நின்ற சுவர் நேராகத்தான் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டு போல அது போதும். நூலுக்கு இணையாகச் சுவர் இல்லையென்றால் சாய்வு வீட்டினுடையது. அதைக் கணினியில் நிமிர்த்தாதீர்கள். பக்கத்திலிருக்கும் புதிய கட்டடத்தையோ கதவின் நிலைச்சட்டத்தையோ அளவாக வைத்துப் படத்தை நேராக்கி, சாய்ந்த சுவரைச் சாய்ந்தபடியே விடுங்கள். வீட்டின் நிலையைப் பற்றி அந்தப் படம் சொல்லும் மிக முக்கியமான செய்தி அதுவாகவே இருக்கக்கூடும்.

சுவர் நேராக இருந்தால், படம் எடுக்கும்போது:

கேமராவின் ரசமட்டத்தைத் திரையில் வரவழைத்து, கேமராவை முன்பின் சாயாமல் நேராகப் பிடியுங்கள். மேற்பகுதி வெட்டுப்படுகிறதா? கேமராவை நெடுக்காகத் திருப்புங்கள். அப்போது படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தெருமண்ணாக இருக்கும். இருக்கட்டும், பிறகு வெட்டிவிடலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினாலும் 16 மெகாபிக்சல் மிஞ்சும்.

அப்படியும் வரவில்லையென்றால் உயரத்துக்குப் போங்கள். எதிர் வீட்டு மாடியில் ஐந்து நிமிடம் நிற்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முகப்பின் பாதி உயரத்துக்கு உங்கள் கண் வந்துவிட்டால் சாய்வுப் பிரச்சினையே எழாது. மாடி கிடைக்கவில்லையென்றால் தெருக்கோடிக்குப் போய்ப் பக்கவாட்டில் எடுங்கள். நேருக்கு நேர் நின்று எடுக்கும் படம்தான் உயர்ந்தது என்று ஒரு சட்டமும் இல்லை.

அடுத்த வழி, கேமராவை நெடுக்காக வைத்து மூன்று நான்கு படங்களாக எடுத்து ஒட்டுவது. ஒவ்வொரு படமும் முந்தையதன் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்க வேண்டும். வெளிச்ச அளவும் வண்ணச் சமநிலையும் எல்லாப் படத்துக்கும் ஒன்றாக இருக்கும்படி கையால் பூட்டிவிடுங்கள். ஹகின் என்ற இலவச மென்பொருள் ஒட்டித் தரும்.

படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதென்றால்: முதலில் லென்ஸ் திருத்தத்தை இயக்குங்கள். வளைந்த கோட்டை வைத்துக்கொண்டு சாய்வைத் திருத்தினால் இரண்டும் கெடும். பிறகு லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளில், சாய்வை நிமிர்த்தும் அப்ரைட் பகுதியில் கைடட் என்பதைத் தேர்ந்தெடுத்து, முகப்பின் இடக்கோடி மூலையில் ஒரு கோடு, வலக்கோடி மூலையில் ஒரு கோடு போடுங்கள். தானியங்கி முறையை நான் நம்புவதில்லை. தென்னை மரத்தைத் தூண் என்று எடுத்துக்கொள்ளும். காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருளில் இதே வேலைக்கு ஒரு கருவி இருக்கிறது. கைபேசியில் ஸ்னாப்சீட் செயலி போதும். ஆனால் ஸ்னாப்சீட் காலியாகும் ஓரங்களைத் தானே இட்டு நிரப்பும், இல்லாத சுவரை உண்டாக்கிவிடும். நிரப்பும் நிறத்தை வெள்ளை என்று மாற்றி, அந்த ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

திருத்திய பிறகு வீடு மேல்பக்கம் பெருத்துத் தலைகனத்ததாகத் தோன்றினால் திருத்தம் கூடிவிட்டது. இழையளவு சாய்வை விட்டுவைத்தால் கண் ஏற்றுக்கொள்ளும். வீடு நீண்டோ குட்டையாகவோ தெரிந்தால் உயர அகல விகிதத்தைக் கையால் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு கதவைத் தொலைவிலிருந்து நேராகத் தனியே எடுத்து வைத்திருந்தால் அளவுகோலாகும்.

காசு செலவாகும் இடம்: கெனானின் 24 மில்லிமீட்டர் டில்ட்-ஷிஃப்ட், நிக்கானின் 19 மில்லிமீட்டர் பிசி போன்ற லென்ஸ்கள் இதற்கென்றே செய்யப்பட்டவை. வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். புத்தகத்துக்கோ விடுதி விளம்பரத்துக்கோ பல வீடுகளை ஒரே சீராக எடுக்க வேண்டுமென்றால், லென்ஸ் வாடகைக்குப் பதில் கட்டடப் படம் மட்டுமே எடுக்கும் ஒருவரை அமர்த்துவது மலிவாக முடியும்.

## வானம் வெளுத்துப்போகிறது, அல்லது முகப்பு கறுத்துப்போகிறது

தவறான நேரம். பத்தில் ஒன்பது படத்துக்கு இதுதான் காரணம். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுபவை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கிழக்குப் பார்த்த முகப்பை மதியத்துக்குப் பின் எடுத்தால் வானம் வெளுத்தே தீரும். காலை ஏழு மணிக்குப் போங்கள். மேற்குப் பார்த்ததென்றால் மாலை நான்கரைக்கு மேல். வடக்குப் பார்த்த கட்டடத்துக்கு வெயிலே விழாது என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை காரைக்குடியில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு முகப்பின் மேல் சாய்வெயில் விழும். தெற்கு முகப்புக்கு மார்கழியும் தையும்.

ஊருக்குப் போகும் முன் கைபேசி வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சியில் வீட்டின் திசையைப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

நேரம் சரி, ஆனாலும் முகப்பு மங்கல். சுவர் வெள்ளையா? சுண்ணாம்புச் சுவர் படச்சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பல் என்று எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெளிச்சத் திருத்தத்தை +0.7 அல்லது +1 என்று வையுங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் நின்றால் சரி.

வேறு நேரம் கிடைக்காது. அப்படியானால் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காத மூல வடிவில் எடுங்கள். முக்காலியில் நிறுத்தி, சரியான அளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என மூன்று எடுத்துக் கணினியில் இணைக்கலாம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, அல்லது பாதி). இணைத்த படத்தில் கைப்பிடிச் சுவரையும் சுதை உருவங்களையும் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தெரிகிறதா? நிழலைத் தூக்கியதும் வெளிச்சத்தை இறக்கியதும் இரண்டுமே அளவு மீறிவிட்டன. பாதிக்குக் குறையுங்கள்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய வீடு என்றாலே நுணுக்கத்தைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டியையும் மூட்டத்தை நீக்கும் டீஹேஸையும் எல்லை வரை தள்ளிவிடுகிறார்கள். முட்டை வெள்ளை சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் கரி பூசியது போல ஆகிவிடுகிறது. அந்தச் சுவரின் பெருமையே அதன் வழவழப்புதான். கிளாரிட்டி 15க்கு மேல் போனால் கையை எடுத்துவிடுங்கள்.

வானத்தை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டும் வசதி இப்போது பல மென்பொருள்களில் வந்துவிட்டது. தவிர்த்துவிடுங்கள். நிழல் இடப்பக்கம், மேகத்தின் ஒளி வலப்பக்கம் என்று அது உடனே காட்டிக்கொடுக்கும்.

## வளவுக்குள் நடு வெளுக்கிறது, ஓரம் இருள்கிறது

வளவு என்பது வீட்டுக்குள் இருக்கும் முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். முற்றத்தில் உச்சி வெயில், சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள், தூணுக்குப் பின்னால் இருட்டு. இந்த வேறுபாட்டை ஒரே படத்தில் பிடிக்கும் கேமரா இல்லை.

வெயில் நேரே இறங்காத காலை எட்டு மணியோ மாலை ஐந்து மணியோ போனால் பாதி தீர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைநாள்கள் இன்னும் மேல். மேகம் மூடிய வானம் முற்றத்தில் ஒரே சீரான வெளிச்சத்தை இறக்கும். 

அதற்கும் வழியில்லையென்றால் முற்றத்தின் வெயில் பகுதியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, ஒரு பக்கத்துத் தூண் வரிசையை மட்டும் எடுங்கள். பிறகு மேலே சொன்ன மூன்று பட முறை. ஃபிளாஷ் வேண்டாம். மெருகுத் தரையிலும் சுவரிலும் அது வெள்ளைக் குண்டாகத் திரும்பி வரும்.

தரை கண்ணாடியாகப் பளபளத்து ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை தெரியவில்லையென்றால் லென்ஸின் முன் மாட்டும், மினுக்கத்தைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைச் சுழற்றிப் பாருங்கள். தரையை நேர் மேலிருந்து பார்க்கும் கோணத்தில் அது வேலை செய்யாது. சாய்வாகப் பார்க்கும்போதுதான் மினுக்கம் போகும். முழுவதும் நீக்கிவிட்டால் தரை செத்ததாகத் தெரியும், எனவே கொஞ்சம் விட்டுவையுங்கள். அதே வடிகட்டியை அகலக் கோண லென்ஸில் வைத்து வெளியே முகப்பை எடுத்தால் வானத்தின் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிறல் என்று திட்டுத்திட்டாக வரும். வெளியே வந்ததும் கழற்றிவிடுங்கள்.

## வெள்ளைச் சுவர் வேறு நிறத்தில் வருகிறது

மஞ்சள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம்: உள்ளே விளக்கு எரிகிறது, வாசல் வழியாகப் பகல் வெளிச்சமும் வருகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு எல்லா விளக்கையும் அணையுங்கள். ஷட்டர் வேகம் குறையும், முக்காலி அதற்குத்தான்.

மொத்தமும் பச்சை: மலிவான எல்இடி விளக்கு. அணைக்க முடியாதென்றால் சாம்பல் அட்டை ஒன்றை அதே வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து, திருத்தும்போது வண்ணச் சமநிலைக்கான சொட்டுக்கருவியை அதில் வையுங்கள். அட்டைக்குப் பதில் வெள்ளைத்தாள் வைத்தால் மற்றொரு கோளாறு. தாளுக்கு வெண்மையூட்டி சேர்க்கிறார்கள், பகல் வெளிச்சத்தில் அது நீலம் காட்டும்.

மேற்கூரையும் சுவரின் அடிப்பாகமும் மட்டும் சிவப்பு: பழுதில்லை. சிவப்புத் தரையில் விழுந்த வெயில் மேலே தெறிக்கிறது. வண்ணக் கண்ணாடி ஜன்னல் பக்கமும் இப்படித்தான். சற்றே மட்டுப்படுத்தலாம், துடைத்துவிடக் கூடாது.

## படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள்

மின்விளக்கின் துடிப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வையுங்கள். போகவில்லையென்றால் எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அதுவும் பலிக்கவில்லை, வெயிலில் எடுத்தாலும் பட்டை வருகிறது என்றால் கேமராவைச் சேவை மையத்தில் கொடுக்க வேண்டியதுதான்.

## படம் கூர்மையாக இல்லை

இதில் கிளைகள் அதிகம். எங்கே மங்கல் என்று முதலில் பாருங்கள்.

எல்லா இடமும், ஒரே திசையில் இழுபட்டது போல: கை ஆடியிருக்கிறது. ஷட்டரைக் கூட்டுங்கள், அல்லது தூணில் சாயுங்கள். முக்காலியில் வைத்தும் ஆடுகிறதென்றால் இரண்டு விநாடி டைமர் போடுங்கள், சில பழைய லென்ஸ்களில் ஆட்டத்தடுப்பை அணைக்கவும் வேண்டும். மரத்தளத்தில் முக்காலியை வைத்திருந்தால் பக்கத்தில் ஒருவர் நடந்தாலே போதும், படம் போய்விடும்.

எல்லா இடமும், பால் ஊற்றியது போல: லென்ஸில் விரல்ரேகை. கைபேசியில் எடுத்தவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரேகை இல்லையென்றால், ஏசி காரிலிருந்து நேராக இறங்கினீர்களா? ஈரம் படிந்திருக்கும். துணியால் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. மூடிய பையிலேயே அரை மணி விட்டு எடுங்கள். தரங்கம்பாடி போன்ற கடற்கரை ஊரில் இன்னொன்றும் உண்டு. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையைக் கடற்பக்கம் நின்று எடுத்தால் கால் மணியில் முன்கண்ணாடியில் உப்புத் திவலை படிந்துவிடும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.

துடைத்தும் பால்நிறம் போகவில்லையா? லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமிருந்து கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்தி இழை போலத் தெரிந்தால் பூஞ்சை. இங்கே வீட்டு வைத்தியம் செய்யாதீர்கள். மற்ற லென்ஸ்களிலிருந்து அதைத் தனியே பிரித்து வைத்து, லென்ஸ் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். விலை குறைந்த லென்ஸ் என்றால் துப்புரவுக் கூலி லென்ஸ் விலையை நெருங்கும், கேட்டுவிட்டுக் கொடுங்கள். மிச்சமிருப்பதைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடமும் சற்றே மொழுக்கை: லென்ஸின் ஒளித்துளையை எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கியிருப்பீர்கள் (எண் கூடினால் துளை சிறிது). எல்லாம் தெளிவாக வரும் என்ற எண்ணத்தில் செய்வது, நேர்மாறாக முடிகிறது. முகப்புக்கு எஃப் 8 போதும்.

ஒரு பக்கம் மட்டும்: செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே நின்று எஃப் 4 அளவில் ஒரு படம், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி ஒரு படம். மங்கல் சுவரின் அதே இடத்தில் நின்றால் நீங்கள் கோணலாக நின்றிருக்கிறீர்கள். கேமராவோடு சேர்ந்து மங்கலும் பக்கம் மாறினால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது. சேவை மையம்தான், வேறு வழியில்லை.

## எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி

சென்சாரில் தூசி. உறுதி செய்ய, எஃப் 16இல் வெறும் வானத்தைக் குவியம் தவறவிட்டு எடுங்கள், புள்ளிகள் வரிசையாகத் தெரியும். கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். உங்கள் வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். போகாத புள்ளிக்குத் துடைப்புக் குச்சி உண்டு. கை நடுங்கும் என்பவர்கள் அதையும் சேவை மையத்திடமே விட்டுவிடுங்கள்.

## ஜன்னல் பலகைகளிலும் ஓட்டுக்கூரையிலும் வானவில் அலை

முழு அளவில் பார்க்கும்போது மறைந்துவிட்டால் அது திரையின் வேலை. சிறிதாக்கும்போது கூர்மையைக் குறைத்துச் சிறிதாக்குங்கள். முழு அளவிலும் இருந்தால் இரண்டு எட்டு முன்னோ பின்னோ நகர்ந்து மறுபடி எடுங்கள். எடுக்க வழியில்லையென்றால் மென்பொருளில் இந்த அலையை நீக்கும் மோரே தூரிகையை அந்த இடத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

## ஒயர், வண்டி, பிளெக்ஸ் பேனர்

விடிகாலையில் போனால் வண்டிகள் முக்கால்வாசி இருக்காது. நின்றுகொண்டிருந்தால் உரியவரைக் கேளுங்கள், நகர்த்திக் கொடுப்பார்கள். மின்கம்பிக்கு நேர் கீழே போய் நின்றால் கம்பி சட்டத்துக்கு மேலே போய்விடும். கம்பத்தை வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள வெற்றுச் சுவரின் மேல் விழும்படி நகர்ந்து நின்றால் வேலைப்பாடு மறையாது.

அழிப்பதென்றால் எல்லை ஒன்று வேண்டும். வெற்று வானத்தில் ஓடும் ஒயரை அழிக்கலாம். சுதைச் சிற்பத்தின் மேல் ஓடும் ஒயரை அழிக்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவு இட்டு நிரப்பும் கருவி அந்த இடத்தில் ஒரு சிற்பத்தைத் தானாகச் செய்து வைக்கும், அது அந்த வீட்டில் இல்லாத சிற்பம். யானையின் துதிக்கை ஒன்று இரண்டாகி வந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வீடுகளின் தூணும் நிலைக்கதவும் கழற்றப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. வீடு போன பிறகு மேலே என்ன சிற்பம் இருந்தது என்று கேட்பவருக்குக் காட்ட உங்கள் படம் மட்டும் மிஞ்சலாம். எதையாவது அழித்தால் படக்குறிப்பில் எழுதுங்கள், மூலக்கோப்பைத் தனியே வையுங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: பாகப்பிரிவினை, வழக்கு, காப்பீடு என்று எதற்காவது படம் கேட்டால் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள், சாய்வைக்கூட. மூலக்கோப்பு, எடுத்த கருவி இரண்டும் பத்திரமாக இருக்கட்டும். மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், வழக்கறிஞரைக் கேளுங்கள். பழுதுபார்க்க அளவோடு கூடிய படம் வேண்டுமென்றால் அது கட்டடக் கலைஞரின் வேலை, நம்முடையதன்று.

## திரையில் நன்றாக இருக்கிறது, அச்சில் இருட்டாக வருகிறது

அச்சுக்கடையைத் திட்டும் முன் உங்கள் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். வெள்ளைத்தாளை அறை வெளிச்சத்தில் திரையருகே பிடித்து, திரையின் வெண்மை தாளின் வெண்மைக்கு ஒத்துவரும் வரை இறக்குங்கள். இப்போது படம் இருட்டாகத் தெரிந்தால் அச்சில் வந்தது உண்மை, திருத்தத்தை மறுபடி பாருங்கள்.

நிறம் வெளிறியிருந்தால் கோப்பு அடோபி ஆர்ஜிபி என்ற வண்ண வகையில் போயிருக்கும். எஸ்ஆர்ஜிபியாக மாற்றி அனுப்புங்கள். கட்டம் கட்டமாக வந்தால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருப்பீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். 12க்கு 18 அங்குல அச்சுக்கு 3600க்கு 5400 பிக்சல் இருந்தால் குறையே சொல்ல முடியாது. இத்தனைக்குப் பின்னும் நிறம் ஒத்துவரவில்லையென்றால் திரையை அளக்கும் கருவியை வாங்குங்கள், அல்லது ஓர் நாள் இரவல் வாங்குங்கள்.

## கார்டைக் கணினி படிக்க மறுக்கிறது

ஃபார்மேட் செய்யவா என்று கணினி கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கார்டில் மேலும் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். முதலில் வேறு கார்டு ரீடர், பிறகு வேறு கணினி. தெரிகிறது ஆனால் கோப்பு இல்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்ட படங்களைக் கணினியின் வட்டில் சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால் மிச்சமிருப்பதும் அழியும். எந்தக் கணினியிலும் கார்டு இருப்பதே தெரியவில்லையென்றால், அல்லது கார்டு சூடாகிறதென்றால், அதோடு நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். கட்டணம் கடுமையாக இருக்கும். அந்த வீடு இன்னும் நிற்கிறதென்றால் பஸ் டிக்கெட் அதைவிட மலிவு.